குரங்கா, தேவதையா? – 14: மேசைமேல் விழுந்த பூக்கள்

லண்டனில் 1866-67 குளிர்காலத்தின் ஒரு மாலை. ரீஜன்ட்ஸ் பார்க்கை ஒட்டிய செயின்ட் மார்க்ஸ் கிரசென்ட் தெருவில் 9ஆம் எண் வீடு. மிஸ் நிக்கோல் என்ற பெண்மணி தேநீர் நேரத்துக்கே வந்துவிட்டார். வாயுவிளக்கு எரிந்து கதகதப்பாக இருந்த அறையில் வீட்டாரோடும் அவர்களுடைய நண்பர்களோடும் நான்கு மணி நேரம் இருந்தார். அதன்பின் எல்லோரும் ஒரு சிறிய அறைக்குள் போய், மேலே ஒன்றுமே இல்லாத மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். கதவைச் சாத்தினார்கள். விளக்கை அணைத்தார்கள்.

சில நிமிடங்களில் மேசை நிறையப் பூக்கள்.

வீட்டுக்காரர் கூச்சல் போடவில்லை. மண்டியிட்டு ஜெபிக்கவும் இல்லை. எண்ணினார். செவ்வந்தி 15. பலநிற அனிமோனி 6. துலிப் 4. நம் சுண்டைக்காயின் உறவான, ஆரஞ்சு நிறத்தில் பழம் தொங்கும் சொலானம் 5. இரண்டு வகைப் பெரணிகள் 6. ஒன்பது பூக்களோடு சீனத்துப் ப்ரிம்ரோஸ் 1. ஆக மொத்தம் 37 தண்டுகள். ஓர் இதழ்கூடக் கசங்கவில்லை. பெரணியின் நுனி ஒன்றுகூட ஒடியவில்லை. எல்லாவற்றின்மீதும் மெல்லிய, குளிர்ந்த பனித்துளி. கோடைநாளில் சில்லென்ற நீர் ஊற்றிய கண்ணாடிக் குவளை வெளியே வியர்க்குமே, அந்த மாதிரி. இந்தப் பூக்களைத் தாங்கள் கொண்டுவரவில்லை என்று அறையில் இருந்த எல்லோரிடமும் எழுதி வாங்கினார். பூக்களைக் காயவைத்து, அந்தச் சான்றோடு சேர்த்துப் பத்திரப்படுத்தினார்.

எண்ணுவதும் பெயர் சொல்வதும் காயவைத்துச் சீட்டுக் கட்டுவதும் அவருக்குக் கைவந்த தொழில். மலாய்த் தீவுகளில் எட்டு ஆண்டுகள் அலைந்து 1,25,660 உயிரின மாதிரிகளைச் சேர்த்து வந்தவர் அவர். டார்வின் இருபது ஆண்டுகளாக மேசை இழுப்பறையில் வைத்திருந்த இயற்கைத் தேர்வு என்ற விதியை, அது தெரியாமலே தானும் கண்டுபிடித்தவர். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ்.

* * *

கடந்த சில அத்தியாயங்களாக ஒரு சண்டையைப் பார்த்துவருகிறோம். 1860 ஜூன் 30 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் பிஷப் வில்பர்ஃபோர்ஸும் ஹக்ஸ்லியும் மோதிக்கொண்டார்கள். 1864இல் அதே ஊரில் டிஸ்ரேலி எழுந்து, மனிதன் குரங்கா தேவதையா என்று கேட்டு, தான் தேவதைகளின் கட்சி என்று அறிவித்தார். அங்கி போட்டவர்கள் ஒரு பக்கம், நுண்ணோக்கி வைத்திருந்தவர்கள் மறு பக்கம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு படித்துவந்தவர்களுக்கு இந்த அத்தியாயம் கொஞ்சம் இடறும். நுண்ணோக்கிக்காரர்களுக்குள்ளேயே விழுந்த விரிசல் இது. அதுவும் ஒரே விதியை ஆளுக்கொரு மூலையில் கண்டெடுத்த இருவருக்கு நடுவில். மனிதனின் உடம்பு விலங்கிலிருந்து வந்தது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மனம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் பிரிந்தார்கள்.

பிரிந்ததற்குக் காரணம் பைபிள் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 1860களில் இருவருமே கிறிஸ்தவ நம்பிக்கையிலிருந்து விலகிவிட்டவர்கள். டார்வின் பாதிரியாராகலாம் என்று கேம்பிரிட்ஜுக்குப் போனவர். வசதியான மருத்துவரின் மகன். பீங்கான் தொழிலில் கொழித்த வெட்ஜ்வுட் குடும்பத்தின் பேரன். அவருடைய நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. 1851 ஏப்ரலில் பத்து வயது மகள் ஆனி மால்வெர்னில் இறந்தபோது மிச்சமிருந்ததும் போயிற்று என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள்.

வாலஸின் கதை வேறு. 1823இல் வேல்ஸ் எல்லையில் அஸ்க் ஊரருகே, கைப்பணத்தையெல்லாம் இழந்துகொண்டிருந்த குடும்பத்தில் பிறந்தார். பதினான்கு வயதுக்குள் பள்ளிப்படிப்பு முடிந்தது. லண்டனில் தச்சு வேலை பழகிக்கொண்டிருந்த அண்ணனோடு தங்கியிருந்தபோது, மாலை வேளைகளில் டாட்டன்ஹாம் கோர்ட் சாலைப் பக்கம் இருந்த தொழிலாளர் மன்றத்துக்குப் போவார். ராபர்ட் ஓவனின் சீடர்கள் அங்கே பேசுவார்கள். மனிதனின் குணத்தை உருவாக்குவது அவன் வளரும் சூழ்நிலை. பாவி என்று அவனைத் தண்டிப்பதில் அர்த்தமில்லை. இதுதான் அவர்கள் கட்சி. நித்திய நரகம் என்ற எண்ணம் பையன் மனத்திலிருந்து அங்கேயே உதிர்ந்தது. பிறகு இன்னோர் அண்ணனோடு சங்கிலி பிடித்து நிலம் அளந்தார். வேலை இல்லாமல் போனபோது, 1844இல், லெஸ்டர் நகரில் பள்ளி ஆசிரியரானார்.

லெஸ்டரில் அவருக்கு இரண்டு விஷயங்கள் கிடைத்தன. ஒன்று, வண்டு பிடிக்கும் பைத்தியம். ஹென்றி பேட்ஸ் என்ற நண்பர் அதைத் தொற்றவைத்தார். இன்னொன்று, மெஸ்மரிசம். ஸ்பென்சர் ஹால் என்பவர் ஊருக்கு வந்து மேடையில் ஆட்களை மயங்கவைத்துக் காட்டினார். வாலஸ் தன் அறைக்குப் போய்ப் பள்ளிப் பையன்களிடமே முயன்று பார்த்தார், பலித்தது. அந்தக் காலத்தில் மண்டையோட்டுச் சாத்திரம் என்று ஒன்று படித்தவர்களிடையே செல்வாக்காக இருந்தது. தலையின் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு குணம். இங்கே பக்தி, அங்கே கோபம், காதோரம் சண்டைக்குணம். நம் கைரேகைக்காரர் உள்ளங்கையைப் பார்ப்பதுபோல இவர்கள் தலையைத் தடவிப் பலன் சொன்னார்கள். மயங்கிய பையனின் தலையில் வாலஸ் ஒவ்வோர் இடமாக விரல் வைத்தார். பையன் முகத்தில் அந்தந்தக் குணம் வந்துபோனது.

படித்த மருத்துவர்கள் மெஸ்மரிசத்தை மோசடி என்று தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. என் கண்ணால் பார்த்ததைப் பெரிய மனிதர்கள் இல்லை என்கிறார்கள். இனி பெரிய மனிதர்களின் அவநம்பிக்கைக்கு மதிப்புத் தரமாட்டேன் என்று வாலஸ் முடிவு கட்டினார். 21 வயதில் எடுத்த அந்த முடிவை 90 வயதில் சாகும்வரை மாற்றிக்கொள்ளவில்லை. உயிரினங்கள் மாறும் என்று அறிஞர்கள் ஒப்புக்கொள்ளாத காலத்தில் அதை நம்பத் துணிவு தந்ததும் அந்த முடிவுதான். இருட்டறைக்கு இழுத்துப்போனதும் அதுதான்.

* * *

இரண்டு மனிதக்குரங்குகளின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும்.

முதலாவது, ஜென்னி. லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இருந்த ஓராங்குட்டான். 1838 மார்ச்சில் டார்வின் அவளைப் பார்க்கப் போனார். காவலர் ஓர் ஆப்பிளைக் காட்டிவிட்டுத் தராமல் போக்குக் காட்டினார். ஜென்னி மல்லாக்க விழுந்து, காலை உதைத்து, அடம்பிடிக்கும் பிள்ளையைப்போல அழுதாள். அழுகையை நிறுத்தினால் ஆப்பிள் உண்டு என்று காவலர் சொன்னதும், புரிந்துகொண்டவள்போல அடக்கிக்கொள்ள முயன்றாள். கடைசியில் ஆப்பிள் கைக்கு வந்தது. நாற்காலியில் தாவி உட்கார்ந்து அவள் தின்ற அழகை டார்வின் தன் சகோதரிக்குக் கடிதத்தில் எழுதினார். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் மால்தஸின் மக்கள்தொகை நூலைப் படித்தபோது இயற்கைத் தேர்வு அவருக்குப் பிடிபட்டது.

இரண்டாவதுக்குப் பெயர் இல்லை. 1855இல் போர்னியோவின் சரவாக்கில் வாலஸ் ஒரு தாய் ஓராங்குட்டானைச் சுட்டு வீழ்த்தினார். மாதிரி சேகரிப்பவரின் பிழைப்பு அது. கீழே சேற்றில் குப்புறக் கிடந்தது குட்டி. ஓரடி நீளம் இருக்கும். தூக்கியதும் அவருடைய தாடியை இறுகப் பற்றிக்கொண்டது. பால் கிடைக்காத இடம். புட்டியில் கஞ்சித்தண்ணீரை ஊற்றி, தக்கையில் இறகுக் குழாயைச் செருகி ஊட்டினார். கழுவினார், தலைமுடி வாரிவிட்டார். பற்றிக்கொள்ள அது எதையாவது தேடித் தவித்ததால் எருமைத்தோலைச் சுருட்டி ஒரு பொய்த்தாய் செய்து தொங்கவிட்டார். குட்டி அதை ஆசையாகக் கட்டிக்கொண்டு பால் தேடியது; வாய் நிறைய மயிர்தான் வந்தது. ஏறக்குறைய மூன்று மாதம் இருந்தது. பிறகு காய்ச்சல் கண்டு இறந்துபோனது. வாலஸ் வருந்தினார். அதன் தோலையும் எலும்பையும் மற்ற மாதிரிகளோடு சேர்த்து வைத்தார்.

குரங்குக்கும் மனிதப் பிள்ளைக்கும் உள்ள உறவை வாலஸைப்போலத் தொட்டுணர்ந்தவர்கள் அன்றைய இங்கிலாந்தில் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது. அப்படிப்பட்டவர்தான் மனிதனுக்கும் குரங்குக்கும் நடுவில் ஒரு கோடு கிழித்தார்.

* * *

கோடு எங்கே விழுந்தது என்பது தெரிய, அவர் யாரோடு வாழ்ந்தார் என்று பார்க்க வேண்டும். டார்வின் உலகைச் சுற்றியது அரசுக் கப்பலில். கரையிறங்கினாலும் திரும்பிவர ஒரு கப்பல் இருந்தது. வாலஸுக்கு அது கிடையாது. டயாக் மக்களின் நீண்ட வீடுகளில் படுத்தார்; பப்புவாத் தீவுவாசிகளின் படகில் பயணம் செய்தார்; நோய்வந்தபோது அவர்கள் கையை நம்பிக் கிடந்தார்.

1857இல் அரு தீவுகளில் டோபோ என்ற வணிகத்துறையில் தங்கினார். சீனர், புகிஸ், சேரம், ஜாவா, பப்புவா என்று பல தீவுகளின் ஆட்கள் கலந்த கூட்டம். அதில் திருடர்கள் இருந்தார்கள், சூதாடிகள் இருந்தார்கள். போலீஸ் இல்லை, நீதிமன்றம் இல்லை, வக்கீல் இல்லை. ஆனாலும் யாரும் யார் கழுத்தையும் அறுக்கவில்லை. வியாபாரம் அதுபாட்டுக்கு நடந்தது. இங்கிலாந்தில் குவிந்து கிடக்கும் சட்டங்களை நினைத்துப் பார்த்து வாலஸ் யோசனையில் ஆழ்ந்தார். அரசு குறைந்தால் மனிதன் மிருகமாகிவிடுவான் என்ற பாடம் டோபோவில் செல்லவில்லை.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தெர்னாத்தே தீவிலிருந்து டார்வினுக்குக் கடிதம் எழுதினார். காய்ச்சலில் படுத்திருந்தபோது அவருக்கும் மால்தஸ்தான் நினைவுக்கு வந்தார். இந்தத் தொடரின் தொடக்க அத்தியாயங்களில் பார்த்த கதை அது. 1858 ஜூலை 1 அன்று லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் ஒன்றாக வாசிக்கப்பட்டன. கைக்குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த டார்வின் வரவில்லை. வாலஸோ பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார். தன் கட்டுரை வாசிக்கப்படுவதே அவருக்குத் தெரியாது.

1864இல், நாடு திரும்பியிருந்த வாலஸ் மனித இனங்கள் பற்றி ஒரு கட்டுரை படித்தார். மனிதன் ஆடை நெய்யவும் கருவி செய்யவும் நோயாளியைத் தூக்கிச் சுமக்கவும் தொடங்கியதும், அவன் உடம்பு மாறவேண்டிய கட்டாயம் போய்விட்டது. அதன்பின் இயற்கைத் தேர்வு அவன் மனத்தின்மேல் வேலை செய்தது என்றார். டார்வின் மனம்திறந்து பாராட்டினார். ‘தாழ்ந்த’ இனங்கள் ஐரோப்பியர் முன்னால் அழிந்துபோகும் என்றும் அந்தக் கட்டுரை சொன்னது. அந்த நூற்றாண்டின் அழுக்கு வாலஸிடமும் ஒட்டியிருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1869இல் வெளிவந்த ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ நூலின் கடைசிப் பக்கங்களில் அதே மனிதர் லண்டனின் ஏழைகளையும் சிறைகளையும் காட்டி, ஒழுக்கத்தில் நாமே இன்னும் காட்டுமிராண்டிகள் என்று எழுதினார்.

அந்த ஐந்தாண்டுகளின் நடுவில்தான், 1865 ஜூலை 22 அன்று, ஒரு நண்பர் வீட்டில் அவர் முதன்முதலாக ஆவி மேசையின் முன் உட்கார்ந்தார்.

* * *

1869 ஏப்ரலில் ‘குவார்ட்டர்லி ரெவ்யூ’ இதழில் புவியியல் அறிஞர் லயலின் நூல்களுக்கு வாலஸ் எழுதிய மதிப்புரை வந்தது. கட்டுரை வருவதற்குமுன் வாலஸ் கோடிகாட்டியிருந்தார். கவலைப்பட்ட டார்வின், உங்களுக்கும் எனக்கும் பிறந்த பிள்ளையை நீங்களே ஒரேயடியாகக் கொன்றுவிடவில்லையே என்ற பொருளில் கடிதம் எழுதினார். இதழ் வந்தது. மனித மூளையையும் கையையும் குரல்வளையையும் இயற்கைத் தேர்வு மட்டும் செய்திருக்க முடியாது, ஏதோ ஒரு மேலான அறிவு அதை வழிநடத்தியிருக்க வேண்டும் என்று வாலஸ் முடித்திருந்த இடத்தில், டார்வின் ஓரத்தில் ‘இல்லை’ என்று எழுதி மூன்று முறை அடிக்கோடிட்டு, ஆச்சரியக்குறிகளை வரிசையாகப் போட்டார். டார்வின் குரலை உயர்த்தும் மனிதர் அல்லர். அந்த ஓரக்குறிப்புதான் அவர் கத்தியது.

வாலஸின் வாதம் என்ன? அடுத்த ஆண்டு ஒரு நீண்ட கட்டுரையில் விரித்துச் சொன்னார். இயற்கைத் தேர்வு சிக்கனக்காரி. அன்றாடப் பிழைப்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவைத்தான் தரும். நாளைக்குப் பயன்படும் என்று இன்றே சேர்த்து வைக்காது. இது டார்வினே வகுத்த விதி. இப்போது மண்டையோடுகளை அளந்து பாருங்கள். நாகரிகம் இல்லாதவர்கள் என்று நாம் சொல்லும் மக்களின் மூளைக்கூடு ஐரோப்பியருடையதில் ஆறில் ஐந்து பங்குக்குக் குறையாது. மனிதக்குரங்கின் மூளையோ மனிதனுடையதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. வேட்டையாடிக் கிழங்கு தோண்டி வாழ்கிறவனுக்குக் குரங்கைவிடக் கொஞ்சம் பெரிய மூளை போதுமே! கணிதமும் இசையும் தத்துவமும் செய்யத்தக்க மூளை அவனிடம் ஏன் இருக்கிறது? அது உள்ளே சும்மா கிடக்கிறது என்றால், தேவைக்குமுன்பே அதைச் செய்துவைத்தது யார்?

மண்டையோட்டின் கொள்ளளவைக் கொண்டு மனிதக் கூட்டங்களின் அறிவை அளக்க முடியாது என்பதை இன்று அறிவோம். வேட்டைக்காரனின் வாழ்வுக்குச் சிறிய மூளை போதும் என்பதும் தப்புக்கணக்கு. தடம் பார்த்து, பருவம் கணித்து, நூற்றுக்கணக்கான செடிகளின் பெயரும் குணமும் நினைவில் வைத்து, கூட்டத்தோடு இணங்கிப் போவது சாமானிய வேலையா? டயாக்குகளோடு காட்டில் நடந்த வாலஸுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இருந்தும் அந்த வாதத்தின் அடியில் ஓடியதைக் கவனியுங்கள். போர்னியோக் காட்டில் இருக்கும் மனிதனுக்கும் கேம்பிரிட்ஜ் பேராசிரியருக்கும் தலைக்குள் இருப்பது ஒரே பொருள்தான் என்று வாலஸ் உறுதியாக நம்பினார். அந்தச் சமத்துவ எண்ணம்தான் அவரை இயற்கைத் தேர்வின் எல்லைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. ஆவி மேசை, எல்லையைத் தாண்டக் கைகொடுத்தது.

டார்வின் 1871இல் ‘தி டிசென்ட் ஆஃப் மேன்’ நூலில் பதில் சொன்னார். அவர் போன வழி நேர் எதிரானது. மனிதனை மேலே தூக்கினால்தானே இடைவெளி? அவர் விலங்குகளை மேலே தூக்கினார். நாய்க்கு வெட்கம் உண்டு, பொறாமை உண்டு, ஞாபகம் உண்டு. குரங்கு கருவி எடுக்கும். கூடிவாழும் விலங்குக்குப் பாசம் இருக்கும். அந்தப் பாசத்தோடு நினைவாற்றலும் சேர்ந்தால் மனசாட்சி பிறக்கும். மனிதனின் மயிரற்ற உடம்புக்கும் இசை நாட்டத்துக்கும் துணைதேடும் போட்டியைக் காரணம் காட்டினார். ஜென்னியின் ஆப்பிளும் அழுகையும் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அறிவியலாக வந்துவிட்டன. அறிவியலைப் பொறுத்தவரை வென்றது டார்வினின் வழி. ஆனால் அவர் விலங்கிலிருந்து மனிதனுக்குப் போட்ட ஏணியில், நடுப்படிகளில் ‘காட்டுமிராண்டிகளை’ நிறுத்தினார். நாகரிக இனங்கள் அவர்களை அழித்துவிடும் என்றும், அப்போது மனிதனுக்கும் குரங்குக்கும் இடைவெளி இன்னும் பெரிதாகும் என்றும் எழுதினார். அடிமை வியாபாரத்தை வெறுத்த மனிதர் அதை அமைதியாக எழுதினார் என்பதுதான் உறுத்துகிறது.

வழி தவறிய வாலஸ் சக மனிதனைச் சமமாகப் பார்க்கிறார். வழி தவறாத டார்வின் அவனை நடுப்படியில் நிறுத்துகிறார். வரலாறு நமக்கு வசதியாக அமைவதே இல்லை.

* * *

ஆவி நம்பிக்கை அன்று மூலைமுடுக்கில் நடந்த விவகாரம் இல்லை. 1848இல் நியூயார்க் மாநிலத்தில் ஃபாக்ஸ் சகோதரிகள் சுவரில் தட்டும் ஓசைகளோடு பேசத் தொடங்கியதில் முளைத்தது. பத்தாண்டுக்குள் லண்டன் வரவேற்பறைகளை எட்டிவிட்டது. தேவாலயத்தில் நம்பிக்கை தளர்ந்த குடும்பங்களில் குழந்தைகள் இறந்துகொண்டேதான் இருந்தன. பழைய வேதம் ஆறுதல் தந்தது, அத்தாட்சி தரவில்லை. புதிய அறிவியல் அத்தாட்சி தந்தது, ஆறுதல் தரவில்லை. இருட்டறையின் மேசை இரண்டையும் தருவதாகச் சொன்னது. வந்து பார், தொட்டுப் பார், எழுதி வைத்துக்கொள். அது பக்தியின் மொழி இல்லை; ஆய்வுக்கூடத்தின் மொழி. தாலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்த வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸும் அதில் விழுந்தார்.

ஹக்ஸ்லிக்கு வாலஸ் அழைப்பு விடுத்தார். உங்களைப் பைத்தியம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஆவிகளின் வம்புப்பேச்சில் எனக்கு அக்கறை இல்லை என்ற தோரணையில் பதில் வந்தது.

டார்வினும் ஒருமுறை போய் உட்கார்ந்தார். 1874 ஜனவரியில், அண்ணன் எராஸ்மஸின் லண்டன் வீட்டில். நாவலாசிரியை ஜார்ஜ் எலியட் இருந்தார். டார்வினின் ஒன்றுவிட்ட சகோதரர் கால்ட்டன் இருந்தார். அறையில் புழுக்கம். விசேஷம் எதுவும் தொடங்குமுன்பே டார்வின் களைப்பாக இருக்கிறது என்று மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டார். கீழே நாற்காலிகள் மேசைமேல் ஏறின என்று பிறகு சொன்னார்கள். இப்படிப்பட்ட குப்பையை நாம் நம்பவேண்டிய நிலை வராமல் ஆண்டவன் காப்பாற்றட்டும் என்ற பொருளில் அவர் எழுதியதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண்டவனை விட்டவர் அவசரத்துக்கு ஆண்டவனையே கூப்பிட்டார்.

அதே 1874இல் வாலஸின் மூத்த மகன் இறந்தான். ஆறு வயது. தத்துவஞானி ஹெர்பர்ட் ஸ்பென்சரின் பெயரையே பிள்ளைக்கு வைத்திருந்தார். அந்தப் பெயரே தகப்பன் எந்தப் பள்ளியைச் சேர்ந்தவர் என்று சொல்லும். மேசையை அவர் விடவில்லை.

* * *

1876 செப்டம்பர். பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் ஆண்டுக்கூட்டம் கிளாஸ்கோவில். உயிரியல் பிரிவின் தலைவர் வாலஸ். பிறர் மனத்தை அறிவது பற்றியும் ஆவி நிகழ்ச்சிகள் பற்றியும் வில்லியம் பாரெட் என்ற இயற்பியலாளர் கட்டுரை கொண்டுவந்தார். வாசிக்கலாமா கூடாதா என்று குழு இரண்டுபட்டபோது, வாலஸின் வாக்கு அதை உள்ளே விட்டது.

கொதித்துப்போனவர்களில் ஒருவர் ரே லங்கெஸ்டர். ஹக்ஸ்லியின் சீடர், வயது 29. ஹென்றி ஸ்லேட் என்ற அமெரிக்க மீடியம் அப்போது லண்டனில் கடைவிரித்திருந்தார். ஆவி அவருக்குச் சிலேட்டில் எழுதும். ஓர் அமர்வுக்குக் கட்டணம் ஒரு பவுன். சிலேட்டையும் சிறு பலப்பத் துண்டையும் மேசைக்கு அடியில் பிடித்துக்கொள்வார்; கீறும் ஓசை கேட்கும்; வெளியே எடுத்தால் எழுத்து. லங்கெஸ்டர் நண்பர் ஒருவரோடு போனார். ஆவி எழுதத் தொடங்குமுன்பே சட்டென்று சிலேட்டைப் பிடுங்கினார். பதில் ஏற்கெனவே எழுதியிருந்தது. மறுநாளே ‘டைம்ஸ்’ நாளிதழில் விஷயம் வந்தது. வழக்கு போ ஸ்ட்ரீட் நீதிமன்றத்துக்குப் போனது. குறிசொல்லி ஏமாற்றும் நாடோடிகளுக்காக எழுதிய பழைய சட்டத்தின்கீழ்.

கூண்டில் ஏறி ஸ்லேடுக்காக வாலஸ் சாட்சி சொன்னார். தான் கலந்துகொண்ட அமர்வுகளில் மோசடியின் அடையாளம் எதையும் காணவில்லை என்றார். அந்தப் பக்கம், லங்கெஸ்டரின் வழக்குச் செலவுக்கு டார்வின் ஓசைப்படாமல் 10 பவுண்டு அனுப்பியிருந்தார். 1858இல் ஒரே மேடையில் சேர்த்து வாசிக்கப்பட்ட இரு பெயர்கள், 18 ஆண்டு கழித்து ஒரு வழக்கின் இரு கரைகளில் நின்றன. ஸ்லேடுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில், குற்றப்பத்திரத்தில் சில சொற்கள் விடுபட்டிருந்த காரணத்தால் தண்டனை ரத்தானது. ஆள் ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிட்டார்.

இந்த ஸ்லேடை அட்லாண்டிக் கடந்து அனுப்பியவர்கள் யார் தெரியுமா? செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் சோதித்துப் பார்க்க ஒரு மீடியம் வேண்டும் என்று ரஷ்யாவிலிருந்து கேட்டபோது, நியூயார்க்கில் இவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் கர்னல் ஆல்காட்டும் மேடம் பிளாவட்ஸ்கியும். போகிற வழியில்தான் ஸ்லேட் லண்டனில் தங்கினார். அந்த இருவர் 1875இல் தொடங்கிய பிரம்மஞான சபை, 1882 டிசம்பரில் சென்னை அடையாற்றங்கரைத் தோட்டத்துக்குக் குடிவந்தது. போ ஸ்ட்ரீட் நீதிமன்றத்துக்கும் நம் அடையாறு ஆலமரத்துக்கும் நடுவில் ஒரு சிலேட்டுத் துண்டு கிடக்கிறது.

* * *

வழக்கோடு நட்பு முறியவில்லை. வாலஸிடம் பணம் இல்லை. நிலையான வேலை எதுவும் அமையவில்லை. சேமிப்பு தப்பான முதலீட்டில் போயிருந்தது. அவருக்கு அரசு ஓய்வூதியம் வாங்கித்தர டார்வின் முனைந்தார். முதலில் கேட்டபோது தாவரவியலாளர் ஹூக்கர் மறுத்தார். கிளாஸ்கோவில் நடந்ததை அவர் மறக்கவில்லை. டார்வின் விடவில்லை. 1880 இறுதியில் ஹக்ஸ்லியைச் சேர்த்துக்கொண்டு, விண்ணப்பத்தைத் தானே எழுதி, ஹூக்கரையும் சம்மதிக்கவைத்துக் கையெழுத்து வாங்கினார். பிரதமர் கிளாட்ஸ்டன் 1881 ஜனவரியில் இசைந்தார். ஆண்டுக்கு 200 பவுண்டு. மனத்தைப் பற்றிய வாதத்தில் ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுக்காதவர், அந்த வாதம் செய்தவரின் வீட்டில் அடுப்பு எரிய மாதக்கணக்கில் கடிதம் எழுதினார்.

1882 ஏப்ரல் 19 அன்று டார்வின் இறந்தார். ஒரு வாரம் கழித்து வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம். பேழையின் துணியைப் பிடித்து நடந்தவர்களில் ஹக்ஸ்லி இருந்தார். கடவுள் உண்டா இல்லையா என்று அறிய வழியில்லை என்பதற்கு ‘அக்னாஸ்டிக்’ என்ற சொல்லையே உண்டாக்கியவர். ஆர்கைல் பிரபு இருந்தார். படைப்பில் கடவுளின் கை தெரிகிறது என்று டார்வினோடு ஆயுள் முழுக்க வாதாடியவர். ஹூக்கர் இருந்தார். வாலஸும் இருந்தார், நெடிய உருவம், தாடி நரைத்திருந்தது. மனிதன் எதனால் ஆனவன் என்பதில் ஒத்துப்போகாதவர்கள் ஒரே துணியைப் பிடித்துக்கொண்டு, அடியெடுத்து அடி வைத்து நடந்தார்கள். மேலே பாடகர் குழு பைபிள் வாசகத்துக்கு இசையமைத்துப் பாடிக்கொண்டிருந்தது.

ஏழாண்டு கழித்து வாலஸ் இயற்கைத் தேர்வை விளக்கி ஒரு நூல் எழுதினார். தன் பெயருக்கும் உரிமையுள்ள கொள்கைக்கு ‘டார்வினிசம்’ என்றே தலைப்பு வைத்தார். கடைசி அத்தியாயத்தில் மட்டும், மனிதனின் கணக்கும் பாட்டும் அறவுணர்வும் வேறோர் உலகத்திலிருந்து வந்தவை என்று பழைய கட்சியை மறுபடி எழுதினார். 37 தண்டுகள் கசங்காமல் வந்து விழுந்த அந்த இரவு பொய் என்று 1913இல் இறக்கும்வரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

எராஸ்மஸ் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் கால்ட்டனைப் பற்றி இன்னும் பேசவில்லை. எதைப் பார்த்தாலும் எண்ணும் பழக்கம் அவருக்கு. அந்த அமர்வுக்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே, 1872இல், அவர் ஒரு கணக்குப் போட்டு வெளியிட்டிருந்தார். இங்கிலாந்தின் தேவாலயங்களில் எல்லாம் ஞாயிறுதோறும் அரச குடும்பத்தின் நீண்ட ஆயுளுக்காக ஜெபிக்கிறார்களே, அரசர்கள் அதிக நாள் வாழ்ந்திருக்கிறார்களா?

விடையை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)